காணி வந்தது, ஊர் வரவில்லை: வலிகாமம் வடக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு சிறிய ஏ.டி.ஆர். விமானம் போகிறது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம். மாலை நெரிசலில் தாம்பரத்தில் கிளம்பி பாரிமுனை போய்ச் சேர எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கிறது. 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்த சேவை அது. 2023இல் முதன்முறையாக அதில் போகப்போவதாக வளசரவாக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் பலாலிக்காரர். 1990இல் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம், கும்மிடிப்பூண்டி என்று முகாம்களில் இருந்துவிட்டு, கடைசியில் சென்னையில் வாடகை வீடு பிடித்துத் தங்கியவர். அவரைப் போன்ற சில குடும்பங்களுக்கு ஆவண வேலைகளில் நான் கைகொடுப்பதுண்டு. அப்படித்தான் பழக்கம்.

“தம்பி, பிளேன் இறங்கேக்கை வலப்பக்கம் பாருங்கோ. எங்கடை கிணத்தடி தெரிஞ்சாலும் தெரியும்” என்றார்.

பார்த்தேன். செம்மண்ணும் பற்றைக்காடும் கம்பி வேலியும் தெரிந்தன. கிணறு தெரியவில்லை. இறங்கி வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நான் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த வாசலே அவரால் போக முடியாத ஊரின் நடுவில் இருக்கிறது.

இலங்கையின் வடக்கில் போருக்குப் பின் அமைதியும் நல்லிணக்கமும் எந்த அளவுக்கு வந்தன என்று கேட்டால், பலாலியும் அடங்கிய வலிகாமம் வடக்கு என்ற இந்த ஒரு பிரதேசத்தை எடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிவிட முடியாது. வன்னியின் கதை வேறு, கிழக்கின் கதை இன்னும் வேறு. ஆனால் ராணுவம், நீதிமன்றம், வெளிநாட்டு உதவி, பௌத்த விகாரை, மீன்பிடித் துறைமுகம், தமிழ்நாட்டு அகதி முகாம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வது இங்கேதான். காணி திரும்பி வருவது ஒரு காரியம், ஊர் திரும்பி வருவது இன்னொரு காரியம். முதலாவதை ஏக்கரில் எண்ணலாம், அறிக்கையில் போடலாம். எல்லோரும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை. பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை, மாவிட்டபுரம், கீரிமலை. ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்கு மேல் செம்மண், கீழே நிலத்தடி நீர். கிணறுதான் உயிர். ஒரே கிணற்றை நாலைந்து குடும்பங்கள் முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணறுகள் சாதாரணம். வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டங்கள், கரையோரத்தில் மீன்பிடி, காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை. வேலைக்கும் சோற்றுக்கும் குறைவில்லாத பகுதி.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் போட்டது. 1983க்குப் பிறகு அது ராணுவத்தின் உயிர்நாடி ஆனது. தரைவழி அறுந்த காலங்களில் யாழ்ப்பாணத்துப் படைகளுக்குச் சோறும் தோட்டாவும் வந்தது பலாலி வழியும் காங்கேசன்துறை வழியும்தான். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை வெளியேறியது. ஜூன் மாதம் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே மறுபடி போர் வெடித்தது. தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் சில நாட்களில் காலியாயின. கட்டிய துணியோடு போனவர்கள், ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் போனார்கள். வீட்டுச் சாவியை இன்னும் வைத்திருப்பவர்களைச் சென்னையிலேயே பார்த்திருக்கிறேன். கதவு இல்லை, சுவரும் இல்லை, சாவி மட்டும் இருக்கிறது.

தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. எறிகணை எட்டாத தூரம் வரை ஆள் இருக்கக் கூடாது என்பது ராணுவக் கணக்கு. போர் நடக்கும்போது அந்தக் கணக்கில் ஒரு தர்க்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பிறகு எறிகணை வீச யாரும் இல்லை. கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

‘விடுவிப்பு’ என்கிற சொல்

வடக்கில் இந்தப் பிரச்சினைக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ‘காணி விடுவிப்பு’. அரசு சொல்கிறது, பத்திரிகை சொல்கிறது, காணிக்காரரே சொல்கிறார். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவரிடமிருந்து எடுத்த பொருளைத் தந்தால் ‘திருப்பித் தந்தார்’ என்போம். இங்கே காணி விடுவிக்கப்படுகிறது. கொடுப்பவர் பெரிய மனசுக்காரர் ஆகிறார், வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டியவர் ஆகிறார். ஜனாதிபதி வந்து மேடையில் பத்திரம் கொடுக்கிறார், படம் எடுக்கிறார்கள். உரிமை பரிசாக மாறுவது இப்படித்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் பொதுத்தேவைக்காக எடுத்துக்கொள்வதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, தற்காலிகம் என்று சொன்னதை நிரந்தரமாக்கும் முயற்சி. ‘காணிக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற காரணமும் அப்போது சொல்லப்பட்டது. சில மைல் தொலைவில், சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் இருந்த நலன்புரி முகாம்களில் அந்தக் காணிக்காரர்கள் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பங்கீட்டு அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. பிப்ரவரியில் 1,000 ஏக்கர் விடப்படும் என்று அமைச்சரவை முடிவு செய்தது. முதல் துண்டுகள் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் ஒரு முகாமுக்கே போய், ஆறு மாதத்தில் எல்லோரையும் மீள்குடியேற்றிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். முகாமில் பிறந்து முகாமிலேயே கல்யாணம் பண்ணிய பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆறு மாதம் பல ஆறு மாதங்களாக நீண்டது. 2017 ஜூலை 3ஆம் தேதி மயிலிட்டித் துறைமுகமும் அதை ஒட்டிய 54 ஏக்கரும் 27 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தன. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள்.

துண்டுகள் வந்த விதத்தைப் பாருங்கள். ஒருவருக்கு வீட்டுக்காணி வந்தது, தோட்டக்காணி வேலிக்கு உள்ளே. இன்னொருவருக்குத் தோட்டம் வந்தது, கிணறு உள்ளே. மீனவருக்குத் துறை வந்தது, குடியிருப்பின் பாதி வரவில்லை. ஒரு தெருவில் நான்கு வீட்டுக்காரருக்குக் கிடைத்து ஐந்தாமவருக்குக் கிடைக்காவிட்டால், கிடைத்தவர் விளக்கேற்றி வைத்துக்கொண்டு இருட்டில் தனியாக இருக்க வேண்டும். வாத்தியார் வராததால் பள்ளிக்கூடம் திறக்காது, பள்ளிக்கூடம் திறக்காததால் பிள்ளை உள்ள குடும்பம் வராது, குடும்பம் வராததால் பேருந்து வராது. இது எந்த அறிக்கையிலும் ஏக்கர் கணக்கில் தெரியாது.

பாதையின் கதை இன்னும் தெளிவு. வசாவிளானிலிருந்து பலாலி போகும் வீதி 2025 ஏப்ரல் 10ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 35 ஆண்டுக்குப் பிறகு. செய்தியைப் படித்துவிட்டுப் பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நிபந்தனைகளையும் வாசித்தேன்: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது. நடந்து போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப ஊருக்குள்ளாலை போகலாம், ஊருக்குப் போகேலாது” என்றார்.

இந்த ஆய்வுக்கு நான் வைக்க நினைத்த தலைப்பு அதுதான். நீளமாக இருந்ததால் மாற்றிவிட்டேன்.

உறுதியில் எழுதியிருப்பது

காணிப் பத்திரத்தை யாழ்ப்பாணத்தில் ‘உறுதி’ என்பார்கள். நம் ஊரில் பத்திரம் வெறும் தாள், அங்கே அதன் பெயரே உறுதி. பெரியவரிடம் இருப்பது அவர் மனைவியின் பெயரில் உள்ள உறுதி, சீதனமாக வந்தது. தேசவழமை என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதித் தொகுத்த யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம். இன்றும் செல்லுபடியாகிறது. சொத்தை முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கல்யாணத்துக்குப் பின் சேர்த்தது) என்று அது பிரிக்கும். சீதனக் காணி பெண்ணுடையது, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. அதனால் வலயத்துக்குள் சிக்கிய காணி ஒரு தலைமுறைப் பெண்களின் கல்யாணத்தையும் சேர்த்தே முடக்கியது. ‘பாதுகாப்பு’ பற்றிய விவாதங்களில் இந்தப் பக்கம் பேசப்பட்டு நான் அதிகம் கேட்டதில்லை.

அந்த உறுதியைப் பிரித்துப் பார்த்தால், காணிக்கு ஒரு பெயர் இருக்கும். ஆம், ஆளுக்குப் பெயர் இருப்பது போலக் காணிக்கும் பெயர். அளவு பரப்புக் கணக்கில். 16 பரப்பு ஒரு ஏக்கர். பிறகு எல்லைகள்: கிழக்கே இன்னாருக்குச் சொந்தமான காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பிள்ளைகளுக்குரியது, தெற்கே பங்குக் கிணற்றுக்குப் போகும் வழிவாய்க்கால். எல்லை என்பது கல் இல்லை, அயலவர். அந்த அயலவரில் ஒருவர் கனடாவில், ஒருவர் பாரிசில், ஒருவர் முள்ளிவாய்க்காலோடு போனவர், ஒருவர் நம் புழல் முகாமில். வேலியும் வீடும் புல்டோசரில் போயின. கிணறு தூர்ந்தது. காணி கைக்கு வந்த நாளில் பலர் முதலில் செய்தது, தன் காணி எது என்று தேடியதுதான்.

“உறுதி கையிலை இருக்குது. காணி எது எண்டு காட்டத்தான் ஆளில்லை” என்பது பெரியவர் அடிக்கடி சொல்வது.

சட்டம் இதற்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இலங்கைச் சட்டப்படி ஒருவர் பத்து ஆண்டு எதிர்ப்பின்றி ஒரு நிலத்தை ஆண்டால் உரிமை கோரலாம். போரால் ஓடியவர் எப்படி எதிர்ப்பது? 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அது விலக்குக் கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் உரிமை கோர இரண்டு ஆண்டு அவகாசம்தான். கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஒருவருக்கு அந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும், போய்ச் சேர்ந்தாலும் கடவுச்சீட்டு இல்லாமல் எப்படிப் போவார்?

இதே தவறு பெரிய அளவில் 2025 மார்ச் 28இல் மறுபடி நடந்தது. வட மாகாணத்தில் 5,940 ஏக்கருக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அரச காணியாகும் என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. வலயத்து நிலத்துக்கான அறிவிப்பு இல்லை இது. ஆனால் அடிபட்டது அதே மக்கள்தான். ஆவணம் எரிந்தவர்கள், கடலில் தொலைத்தவர்கள், இறந்தவர் பெயரிலேயே உறுதி இருப்பவர்கள். சென்னையில் அந்த வாரங்களில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, “மூண்டு மாசத்துக்குள்ளை என்ன செய்யிறது?” என்பதுதான். எதிர்ப்பு கிளம்பியது, வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது, அரசு பின்வாங்கியது. கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. நாடு கடந்து சிதறிய மக்களுக்கு மூன்று மாதம் என்று ஒரு அதிகாரி எழுதுகிறார் என்றால், அந்த மக்கள் அவர் கண்ணுக்கே படவில்லை என்று அர்த்தம். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரியாக நடந்தது ஒன்று

எல்லாமே தோல்வி என்று எழுதுவது சுலபம், அது உண்மையும் இல்லை. ரயில் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்தது. இந்தியக் கடனில், இந்திய அரசு நிறுவனமான இர்கான் போட்ட பாதை. கண்ணிவெடி அகற்றுவதில் மண்ணில் முழங்காலிட்டு வேலை செய்தவர்களில் உள்ளூர்ப் பெண்கள் கணிசம். அந்த வேலை நடக்காவிட்டால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

ஆனால் நான் நின்று பார்க்க விரும்புவது வீடுகளை. இந்தியா தருவதாகச் சொன்ன 50,000 வீடுகளில் சுமார் 46,000 வடக்கிலும் கிழக்கிலும். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், வேலை நடக்க நடக்கத் தவணை முறையில் வீட்டுக்காரர் கணக்கிலேயே விழும். கட்டுவது வீட்டுக்காரர். கல்லும் மணலும் அவரே வாங்குவார், கொத்தனாரை அவரே பிடிப்பார், சாமி அறை எந்த மூலை, அடுப்படி எந்தப் பக்கம் என்று அவரே முடிவு செய்வார். பணம் பற்றாமல் கடன்பட்டவர்கள் உண்டு, பூச்சு வேலை முடியாமல் நின்ற வீடுகளும் உண்டு. இருந்தும், அந்த வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். மாமரமும் முருங்கையும் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு எதிர்ப்பக்கம், 2015, 16 வாக்கில் ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்தைக் கொண்டு 65,000 இரும்பு வீடுகள் வைத்துத் தருவதாக இலங்கை அரசு ஒரு திட்டம் போட்டது. ஒன்று சுமார் 21 லட்சம் ரூபாய். அந்தக் காசுக்கு மூன்று கல்வீடு கட்டலாமே என்று கிளிநொச்சியில் கிழவிகூடக் கணக்குப் போட்டாள். யாழ்ப்பாணத்து வெயிலில் தகர டப்பாவுக்குள் யார் இருப்பது, விறகடுப்பு எங்கே வைப்பது, உடைந்தால் எந்த மேசன் திருத்துவான் என்று கேள்வி மேல் கேள்வி. திட்டம் கைவிடப்பட்டது. பணமோ நல்லெண்ணமோ இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுப்படி எங்கே என்று யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நல்லிணக்கம் என்ற அலுவலகம்

2015இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கையே இணைந்து கொண்டுவந்த தீர்மானம், உண்மை ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைப் பொறிமுறை என்று நான்கைச் சொன்னது. இரண்டு அலுவலகங்கள் வந்தன. மற்ற இரண்டும் வரவில்லை. 2020இல் அரசு அந்த இணை அனுசரணையிலிருந்தே விலகியது. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 2020இல் அதையும் விட்டுவிட்டார்கள். காணாமற்போனோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பிப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தை இன்னும் விடவில்லை. அவர்களுக்கு அரசு தரத் தயாராக இருந்தது காணவில்லை என்பதற்கான சான்றிதழும் கொஞ்சம் பணமும். அவர்கள் கேட்டது என் பிள்ளை எங்கே என்ற ஒரு கேள்வியை. 2025இல் யாழ்ப்பாண நகரை ஒட்டிய செம்மணிப் புதைகுழியில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன, எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. பள்ளிக்கூடப் பை ஒன்றும் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு நிலம் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது என்றே தோன்றியது.

வலிகாமம் வடக்கில் இதன் சின்ன வடிவம் தையிட்டி. காணிக்காரரை உள்ளே விடாத காலத்தில் அவர்கள் காணியில் ஒரு பெரிய விகாரை எழும்பிவிட்டது. 2023இலிருந்து பௌர்ணமிதோறும் அங்கே போராட்டம். புத்தர் மீது கோபம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. கோவிலும் தேவாலயமும் விகாரையும் அருகருகே இருந்த நாடுதான் அது. பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் கும்பிட இடம் கட்டினால், கும்பிடுபவரின் பக்தியும் சேர்ந்து கெட்டுப்போகிறது.

சரி, இதெல்லாம் அரசு செய்தது. நம்மவர் செய்தது? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். ஏறத்தாழ 70,000 பேர், பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். பலாலிக்காரர் ஓடி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒருவர் ராணுவத்தால், ஒருவர் புலிகளால், ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்தில். முஸ்லிம்கள் வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பியவர்கள் குறைவு. இடிந்த வீட்டைத் திருத்தாமல் விற்றுவிட்டுப் போனவர்கள் பலர். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் தாத்தா சொல்லும் கதை. சென்னைக் கூட்டங்களில் வலிகாமம் பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட சோனகத் தெரு பேசப்பட்டதில்லை. பெரியவரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். நேரே பதில் சொல்லவில்லை. “எங்களுக்கு பாய் ஆக்கள்தான் கடைச் சாமான் தந்தவை. கொப்பியிலை எழுதிப்போட்டுத் தருவினம். அந்தக் கடனும் குடுக்கேல்லை” என்றார்.

போஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கையில் வீட்டைத் திரும்பப் பெறுவது உரிமை என்றே எழுதினார்கள். சுமார் இரண்டு லட்சம் கோரிக்கைகளில் பெரும்பான்மையைப் பத்தாண்டுக்குள் தீர்த்தும் வைத்தார்கள். சாவி கைக்கு வந்தது. வாங்கியவர்களில் பலர் வீட்டை விற்றுவிட்டுத் தன் இனத்தார் அதிகம் உள்ள பகுதியிலேயே தங்கிவிட்டார்கள். அயலவரும் வேலையும் பள்ளியும் இல்லாத இடத்தில் சாவியை வைத்து என்ன செய்வது? வலிகாமத்தில் சாவியே முழுசாக வரவில்லை, ஆனால் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இளையவர்கள் காணி கிடைத்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன விலை போகும் என்பது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களில் 3ஐ, தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி பிடித்தது. தமிழ்த் தேசியம் செத்துவிட்டது என்று சிலர் இங்கே எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காணி, வேலை, மீன் என்று பேசிய ஒருவருக்குச் சனம் ஒரு தவணை கொடுத்துப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னை இந்தக் கதையில் எங்கே இருக்கிறது

மயிலிட்டித் துறைமுகம் 2017இல் வந்தது என்றேன். அங்கே போய்ப் பார்த்தால், உள்ளூர்ப் படகுகளோடு கட்டிக் கிடப்பவை நம் விசைப்படகுகள். எல்லை தாண்டியதற்காக இலங்கைக் கடற்படை பிடித்து வைத்தவை, வெயிலில் வெளுத்து, சில பாதி மூழ்கி. நம் செய்தித்தாளில் இதில் ஒரு பக்கம்தான் வரும்: தமிழக மீனவர் கைது. அது நியாயமான வேதனைதான், சிறையில் கிடப்பவர் கூலிக்குப் போனவர். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடை இருந்த வடக்கு மீனவர், கடன் வாங்கி வலை போடுகிறார். இரவில் நம் இழுவைப் படகு அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அடித்தளத்தையே வழித்தெடுக்கும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே மேடையில் தொப்புள்கொடி உறவு என்கிறோம். அங்கே மயிலிட்டிக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிக்கிறார்.

இரு தரப்பு மீனவர்களும் 2014 ஜனவரியிலும் 2015 மார்ச்சிலும் சென்னையிலேயே நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். வடக்கு மீனவர் கேட்டது ஒன்றுதான், இழுவை மடியை நிறுத்துங்கள். நம்மவர் படிப்படியாக நிறுத்த மூன்று ஆண்டு கேட்டார்கள். முடிவு வரவில்லை. 2017இல் ஆழ்கடல் படகுக்கு மாற மத்திய, மாநில அரசுகள் மானியத் திட்டம் கொண்டுவந்தன, படகு ஒன்று 80 லட்சம். மாறியவர்கள் இலக்குக்கு வெகு கீழே. வலிகாமம் வடக்கின் நல்லிணக்கத்துக்கு தமிழ்நாடு தன் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். தீர்மானம் போடுவதைவிடக் கஷ்டம், ராமேசுவரத்தில் வாக்கும் போகும்.

இன்னொன்று, முகாம்கள். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை எடுத்து ‘மறுவாழ்வு முகாம்’ என்று வைத்தது, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தது. ஏறக்குறைய 58,000 பேர் முகாம்களில் இருந்தார்கள். வீடுகள் வந்தன, நல்ல வீடுகள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை என்பதால், நாற்பது ஆண்டு ஆனாலும் சட்டத்தின் கண்ணில் 2025 வரை அவர்கள் அனுமதியின்றி வந்தவர்களாகவே இருந்தார்கள்.

அப்படியென்றால் திரும்பிப் போகலாமே என்பார்கள். 2025 மே மாத இறுதியில் ஒரு முதியவர் ஐ.நா. அகதிகள் முகமையின் ஏற்பாட்டில் சென்னையிலிருந்து பலாலியில் போய் இறங்கினார். போர்க்காலத்தில் முறையான ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். குண்டு விழும்போது குடியகல்வு முத்திரை குத்திக்கொண்டு படகேறியவர் யார்? பிறகு பிணையில் விட்டார்கள், அமைச்சர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், சட்டத்தைத் திருத்துவதாகச் சொன்னார்கள். ஐ.நா. முகமை அந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்தது. வளசரவாக்கத்தில் போவதற்குப் பெட்டி கட்டி வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் பெட்டியைப் பிரித்தன.

பெரியவர் பெட்டி கட்டியவரில்லை. மகள் இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், பேத்தி சென்னைத் தமிழ் பேசுகிறாள், “இன்னா தாத்தா” என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த மார்ச் வர்த்தமானி வந்த பிறகு ஒருநாள் உறுதியை எடுத்துக்கொண்டு என்னை அழைத்தார். தெருமுனை நகலகத்தில் நின்றோம். மஞ்சளாகி மடிப்பில் கிழிந்த தாள். கடைப் பையன் ஒட்டுத்தாள் போட்டு ஒட்டட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றார். நான்கு நகல் எடுக்கச் சொன்னார். ஒன்று மகளுக்கு, ஒன்று கனடாவில் இருக்கும் தம்பிக்கு, ஒன்று யாழ்ப்பாணத்தில் வழக்குப் பார்க்கும் சட்டத்தரணிக்கு. நாலாவதை என் கையில் கொடுத்தார்.

“எனக்கு எதுக்கு ஐயா?”

“நீங்கள் அடிக்கடி போய் வாறனீங்கள். தெற்கெல்லை கிணத்து வாய்க்கால் எண்டு கிடக்கு, பாத்தீங்களே? ரோட்டிலை நிக்க விடுற நாளிலை இறங்கிப் பாருங்கோ.”